மட்டமான பீருக்கு ஒரு நீளப் பெயர்: விப்-பெல்லி வெஞ்சன்ஸ்

கேள்வி கேட்ட நண்பர் ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். மட்டமான பீருக்கு அந்தக் கால ஆங்கிலத்தில் 'விசில்-பெல்லி வெஞ்சன்ஸ்' (பெல்லி என்றால் வயிறு, வெஞ்சன்ஸ் என்றால் பழிவாங்கல்) என்று ஒரு கொச்சைப் பெயர் இருந்ததாமே, அது அமெரிக்காவின் சேலம் நகரில் பிறந்த பெயரா, கப்பல்காரர்கள் பேச்சா, அல்லது குடித்தபின் வயிறு விசிலடிப்பதால் வந்ததா என்பது அவர் கேள்வி. (இந்தச் சேலம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பது.) இந்த மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: பேச்சுவழக்கில் புழங்கிய ஒரு வசைச்சொல் எங்கே, எப்போது பிறந்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கல்லூரியில் பல ஆண்டுகள் ஆங்கில மொழி வரலாறு பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால், சேலம் இல்லை, இங்கிலாந்துதான். 'விசில்' பழைய வடிவமும் இல்லை. அதற்கு முன்னால் 'விப்' இருந்தது, அதாவது சவுக்கு. மாலுமிகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நமக்குக் கிடைக்கும் முக்கியமான பழைய அச்சுச் சான்று 1738-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனத்தன் ஸ்விஃப்ட் அந்த ஆண்டு சைமன் வாக்ஸ்டாஃப் என்ற புனைபெயரில் ஓர் உரையாடல் தொகுப்பு வெளியிட்டார். மேட்டுக்குடி ஆணும் பெண்ணும் ஒரு பிரபுவின் வீட்டில் கூடி நாள் முழுக்கப் பேசுகிறார்கள். பேசுவது எல்லாமே தேய்ந்துபோன சொலவடைகள். பீரைக் குறை சொல்லும் இடத்தில், பீர் காய்ச்சியவன் மால்ட் (முளைகட்டிய பார்லி) போட மறந்துவிட்டான் போலிருக்கிறது, இல்லாவிட்டால் ஆறு அவனுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓடியிருக்கும் என்று ஒரு பேச்சு வருகிறது. அதைத் தொட்டே, இது சுத்தமான விப்-பெல்லி வெஞ்சன்ஸ், இதை அதிகம் குடிப்பவனுக்குத்தான் மோசமான பங்கு என்ற வசனமும் வருகிறது.

இதை வைத்து 'ஸ்விஃப்ட் உருவாக்கிய சொல்' என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. அது நிச்சயமாகத் தப்பு. அந்த நூலின் உயிரே அதில் வரும் எந்தச் சொலவடையும் புதிதில்லை என்பதுதான். முன்னுரையில் வாக்ஸ்டாஃப் பெருமையோடு சொல்கிறார், இந்தத் தொகுப்பில் உள்ள எந்தச் சொற்றொடரும் குறைந்தது நூறு வருஷமாவது புழங்கி முத்திரை குத்தப்பட்டது என்று. இது நையாண்டி. அதனால் 1738-இலிருந்து நூறைக் கழித்து '1638-இல் பிறந்தது' என்று கணக்குப் போட முடியாது. ஆனால் படிப்பவர்கள் 'இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே' என்று உணர்ந்தால் மட்டுமே அந்த நையாண்டி எடுபடும். ஆகவே 1738-க்கு முன்பே அது காதுக்குப் பழகிய பேச்சு என்பதை நான் உறுதியாகவே எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு முன்பே என்பது ஊகம்.

அடுத்து பிரான்சிஸ் குரோஸ். ராணுவத்தில் இருந்தவர், பழம்பொருள் ஆராய்ச்சியாளர். 1785-இல் ஆங்கிலக் கொச்சைமொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார். அவர் 1791-இல் இறந்த பிறகும் அதைத் திருத்திப் பெருக்கி 1823 வரை அச்சிட்டார்கள். அதில் இந்தச் சொல்லுக்கு உள்ள பதிவை நிதானமாகப் பார்க்க வேண்டும். 'விப்-பெல்லி வெஞ்சன்ஸ், அல்லது பிஞ்ச்-கட் வெஞ்சன்ஸ். அதிகம் பெறுபவனுக்கு மோசமான பங்கு. நீர்த்த அல்லது புளித்த பீர்.' அந்த நடுப்பகுதியைக் கவனியுங்கள். அது ஸ்விஃப்டின் வசனமே, ஓரிரு சொல் மட்டும் மாறியிருக்கிறது. அப்படியானால் ஒன்று, குரோஸ் ஸ்விஃப்டைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முழு வாக்கியமும் மக்கள் வாயில் ஒன்றாகவே புழங்கியிருக்க வேண்டும். முதலாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. இதனால் என்ன ஆகிறது? இரண்டு சாட்சிகள் இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் எடைக்கு ஒன்றுதான் தேறும். இணையத்தில் இந்தச் சொல்லுக்கு ஏழெட்டு மேற்கோள் காட்டுபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது.

ஆனால் குரோஸ் பதிவில் ஸ்விஃப்டிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: 'பிஞ்ச்-கட்', அதாவது குடலைக் கிள்ளுவது. கப்பல்காரர்கள் கதைக்கு ஏதாவது ஆதாரம் தேடுவதென்றால் இங்கேதான் தேட வேண்டும். 1699-ஐ ஒட்டி 'பி. ஈ.' என்று மட்டும் கையெழுத்திட்ட ஒருவர் தொகுத்த, திருடர்களின் கொச்சைமொழிக்கான அகராதியில், அரசுக் கடற்படையில் உணவு குறையும்போது மாலுமிகளுக்குக் கொடுத்த ஈட்டுப்பணத்துக்கு 'பிஞ்ச்-கட் பணம்' என்ற பெயர் பதிவாகியிருக்கிறது. லண்டனின் மைல் எண்ட் பகுதியில் இருந்த ஒரு மாளிகைக்கு 'பிஞ்ச்-கட் ஹால்' என்று மாலுமிகள் பட்டப்பெயர் வைத்திருந்ததாகவும் பழைய கொச்சை அகராதிகள் சொல்கின்றன. கிழக்கிந்தியப் பயணம் ஒன்றில் ஆட்களைப் பட்டினி போட்டு மிச்சம் பிடித்த ஒரு கப்பல் தலைவன் கட்டிய வீடாம் அது. ஆக 'பிஞ்ச்-கட்' கடலோடிகள் வாயில் இருந்தது என்பது திடமான செய்தி. பீரின் பெயர் முழுவதும் அவர்களிடமிருந்தே வந்தது என்பது அதிலிருந்து தாவிய முடிவு. ஸ்விஃப்ட் அதை வைத்தது கரையில், விருந்து மேஜையில்.

இனி சொல்லைப் பிரித்துப் பார்ப்போம், கேள்வியே அதைப் பற்றித்தானே. வினையை முன்னால் வைத்து, அதற்கு இலக்காகும் பெயரைப் பின்னால் ஒட்டிச் செய்யும் கூட்டுச்சொற்கள் ஆங்கிலத்தில் ஒரு தனிக் குடும்பம். கட்த்ரோட், பிக்பாக்கெட், ஸ்கேர்குரோ (காக்கை விரட்டும் பொம்மை), டர்ன்கோட் (கட்சி மாறுபவன்) எல்லாம் இந்த வகை. கட்த்ரோட் என்றால் தொண்டை இல்லை, தொண்டையை அறுப்பவன். நம் மரங்கொத்தி, மீன்கொத்தி போலத்தான், வரிசை மட்டும் தலைகீழ். இந்த நான்கும் 16-ஆம் நூற்றாண்டில் எழுத்தில் தலைகாட்டியவை. இந்தக் குடும்பத்தில் திட்டுச்சொற்கள் நிறைய இருப்பதும் தற்செயல் இல்லை, ஆளைப் பார்த்து ஒரே அடியில் வீசுவதற்கு வசதியான அமைப்பு இது. மட்டமான சரக்கைக் குறிக்கும் 'ராட்கட்', குடலை அழுகவைப்பது, 1630-களில் அச்சில் வந்துவிட்டது. 'விப்-பெல்லி', வயிற்றைச் சவுக்கால் விளாசுவது, அதே அச்சில் வார்த்த சொல். இதனால் அதுவும் ஏறக்குறைய அதே காலத்ததாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டும்தான் சொல்வேன், ஏனென்றால் அமைப்பு ஒத்துப்போவது பிறந்த தேதிக்குச் சான்றாகாது.

'விப்' என்பதற்கு இன்னொரு பொருளும் புழங்கியது. குரோஸ் அகராதியின் 1811 பதிப்பில் 'விப் ஆஃப்' என்றால் ஓடிப்போவது, பறிப்பது, ஆவலாக ஒரே இழுப்பில் குடித்துத் தீர்ப்பது என்று போட்டு ஓர் உதாரணமும் தருகிறார்கள்: ஒருவன் வீட்டிலிருந்து விப் ஆகிக் கள்ளுக்கடைக்குப் போய், ஒரு குவளையை விப் செய்துவிட்டு, திரும்பும் வழியில் இன்னொருவன் தொப்பியையும் விப் செய்தான். குடிப்பது என்ற இந்தப் பொருளும் பீரின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறதா? அழகான எண்ணம்தான், எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் 'விப்-பெல்லி' என்ற கூட்டில் வயிறு செயப்படுபொருளாக நிற்கிறது. அடிபடுவது வயிறு என்று நேராகப் பொருள் கொண்டாலே போதும். சுற்றி வளைக்கத் தேவையில்லை.

'வெஞ்சன்ஸ்' தான் இதில் சுவையான பகுதி. இன்றைய காதுக்கு அது பழிவாங்கல் என்று மட்டும் விழும், பீர் வயிற்றைப் பழிவாங்குகிறது என்று படம் விரியும். ஆனால் 1530-களிலிருந்தே ஆங்கிலத்தில் 'வித் எ வெஞ்சன்ஸ்' என்றால் மிகக் கடுமையாக, அளவு மீறி என்ற பொருளும் உண்டு. கோபத்தில் உதிரும் சாபச்சொல்லாகவும் அது இருந்தது. அதோடு ஸ்விஃப்டின் வசனத்தில் வரும் 'மியர்' என்ற அடைமொழிக்கு அன்றைக்கு 'வெறும்' என்பதைவிட 'கலப்பில்லாத, முழுக்க முழுக்க' என்ற பொருளே வலுவாக இருந்தது. எனவே அந்தப் பேச்சை அன்றைய ஆள் கேட்டபோது பழிவாங்கும் கதை ஒரு பங்குதான், மீதி வெறும் அழுத்தம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றதால்தான் சொல் ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து.

சரி, ஏன் எல்லாப் பெயரும் வயிற்றையும் குடலையுமே சுற்றி வருகின்றன? இதற்கு அகராதியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போக வேண்டும். அந்தக் கால இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது சாதாரணம். 16-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹாரிசன் என்ற எசெக்ஸ் பாதிரியார் தன் மனைவி மாதம் ஒருமுறை காய்ச்சுவதை அளவு விவரங்களோடு எழுதிவைத்திருக்கிறார். இடித்த மால்ட்டை ஒரு தொட்டியில் போட்டுச் சூடான தண்ணீர் ஊற்றுவார்கள். மால்ட்டின் சர்க்கரை இறங்கிய முதல் சாறு கெட்டியாக, இனிப்பாக வரும். அதைக் காய்ச்சிப் புளிக்கவைத்தால் நல்ல வலுவான பீர். அந்தச் சக்கையை எறிய மாட்டார்கள், மறுபடி தண்ணீர் ஊற்றுவார்கள், மூன்றாம் தடவையும் ஊற்றுவார்கள். கடைசியாக வடிந்த மங்கலான சாற்றில் செய்ததுதான் 'ஸ்மால் பீர்'. வேலையாட்களும் குழந்தைகளும் உட்பட எல்லோரும் நாள் முழுக்கக் குடித்தது அதைத்தான். 1643-இல் பீருக்கு எக்சைஸ் வரி வந்தபோதுகூட வலுவானதற்கும் ஸ்மால் பீருக்கும் வேறு வேறு வரி.

வலுவான பீரைக் காப்பாற்றுவது அதிலுள்ள ஆல்கஹாலும் ஹாப்ஸ் பூவின் கசப்பும். ஸ்மால் பீரில் இரண்டுமே குறைவு. எனவே அதை உடனுக்குடன் குடித்துத் தீர்க்க வேண்டும். நாலு நாள் வெயில் அடித்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாவும், வினிகர் உண்டாக்கும் பாக்டீரியாவும் உள்ளே புகுந்துவிடும். நொதித்து முடிக்காத பீரைக் குடித்தால் ஈஸ்ட் வயிற்றுக்குள் போய் மிச்ச வேலையை அங்கே தொடரும், காற்று சேரும். புளித்த பீரை நேர்செய்யச் சாக்குக் கட்டி, முட்டை ஓடு, சிப்பி ஓடு போடும் பழக்கமும் இருந்தது. அமிலமும் இவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்தால் கரியமில வாயு பொங்கும். பொங்கி அடங்கும்வரை பொறுக்காமல் ஊற்றிக் கொடுத்தால் மிச்சம் வயிற்றில் பொங்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வயிற்றைச் சவுக்கால் அடிப்பது என்பது மிகைப்பேச்சாகத் தெரியவில்லை, குடித்தவன் பட்டதை அப்படியே சொன்னதுபோல இருக்கிறது. பீர் ஏன் கெடுகிறது என்ற காரணம் காய்ச்சியவர்களுக்கே 19-ஆம் நூற்றாண்டுவரை தெரியாது. 1871-இல் லூயி பாஸ்தர் லண்டனின் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய், ஈஸ்ட் மாதிரியை மைக்ராஸ்கோப்பில் வைத்து, வேண்டாத கிருமிகளைக் காட்டினார். அதன்பிறகுதான் அந்த ஆலையே ஒரு மைக்ராஸ்கோப் வாங்கியது.

கெட்ட பீர் விளையாட்டு விஷயமாக இல்லாத சமயங்களும் உண்டு. 1588-இல் ஸ்பெயினின் அர்மடா கப்பற்படையைத் துரத்தியடித்த கையோடு இங்கிலாந்துக் கப்பல்களில் நோய் பரவி ஆட்கள் செத்து விழுந்தார்கள். புளித்த பீர்தான் இந்த நோய்க்குக் காரணம் என்று மாலுமிகள் நம்புகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது என்று தளபதி ஹோவர்டு பிரபு லண்டனுக்கு எழுதினார். டைஃபஸும் சீதபேதியும்தான் உண்மைக் காரணம் என்று இன்றைய வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் பீர் என்று படி அளந்த கடற்படையில், அந்தப் பீர் கெட்டுப்போனால் மாற்றாகக் குடிக்கப் பீப்பாயில் தேங்கிய தண்ணீர்தான் இருந்தது. அந்தக் கோபம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். 'கப்பல்காரர்கள் வைத்த பெயர்' என்ற கதை மக்களுக்கு இவ்வளவு சுலபமாக நம்பும்படி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரோஸ் அகராதியில் இந்தச் சொல்லின் உறவுக்காரர்களையும் பார்க்கலாம். 'ஆக்ட் ஆஃப் பார்லிமென்ட்' என்றால் ராணுவ வழக்கில் ஸ்மால் பீர். தங்கும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஐந்து பைன்ட் இலவசமாகக் கொடுக்க விடுதிக்காரர் சட்டப்படி கடமைப்பட்டிருந்தாராம். 'பர்சர்ஸ் ஸ்வைப்ஸ்' என்பது கப்பலில் பண்டகக் கணக்கர் வழங்கும் பீர். 'வாட்டர் பிவிச்ட்', அதாவது சூனியம் வைத்த தண்ணீர், மிகவும் நீர்த்த பீர். 'டாப்லாஷ்' மண்டி கலங்கிய பீர். ராட்கட் என்பதற்குப் பக்கத்தில் ஓர் எதுகைப் பழமொழி இருக்கிறது, ஆள் தள்ளாடுவதற்கு முன்னால் குடல் வெடித்துவிடும் என்று. இவற்றில் விப்-பெல்லி வெஞ்சன்ஸுக்குச் சட்டம், கப்பல், ராணுவம் என்று எந்தப் பின்கதையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிப்பாய்களின் சொல், கப்பல் சொல் என்றால் குரோஸ் வழக்கமாக அதைக் குறித்துவிடுவார். இங்கே குறிக்கவில்லை. எனக்கு இது சின்னச் சான்றாகப் படவில்லை.

இப்போது 'விசில்'. இது எனக்குத் தெரிந்தவரை 19-ஆம் நூற்றாண்டு அச்சில்தான் வலுவாக வருகிறது. தாமஸ் ஹியூஸ் 1861-இல் நூலாக வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் வாழ்க்கை நாவலில் மட்டமான பீருக்கு இந்தப் பெயர் வருகிறது. 'விப்' என்பதும் 'விசில்' என்பதும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. வயிறு இரைவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, சவுக்கடி அவ்வளவு கண்முன் நிற்பதில்லை. அதனால் வாய்க்கு வாய் போகும்போது மக்கள் தமக்கு விளங்கிய சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள் என்பதே என் விளக்கம். ஆகவே வயிறு விசிலடிப்பது பெயருக்கு மூலக் காரணம் இல்லை, பெயர் மாறியதற்கான காரணம்.

அமெரிக்கச் சேலம் எப்படி உள்ளே வந்தது? ஆலிஸ் மோர்ஸ் எர்ல் என்ற எழுத்தாளர் அமெரிக்காவின் பழைய பயண வண்டிகளையும் மதுவிடுதிகளையும் பற்றி 1900-இல் எழுதிய நூலில், அந்த ஊரில் பிரபலமாக இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு பானத்தை விவரிக்கிறார். வீட்டில் புளித்துப்போன பீரைக் கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மொலாசஸ் (கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) சேர்த்து இனிப்பாக்கி, கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவும் மக்காச்சோள மாவும் கலந்து சுட்ட ரொட்டியை உதிர்த்துப் போட்டு, சுடச்சுடக் குடிப்பார்களாம். பெயர் விசில்-பெல்லி வெஞ்சன்ஸ் அல்லது விப்-பெல்லி வெஞ்சன்ஸ். இரண்டையும் அவரே தருகிறார், இது அமெரிக்கக் கொச்சை இல்லை, நன்கு தெரிந்த பழைய ஆங்கிலப் பெயர்தான் என்றும் அதே இடத்தில் சொல்லிவிடுகிறார். அவர் பெயரைச் சொல்லிச் 'சேலத்தில் பிறந்த சொல்' என்று பரப்புபவர்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை.

மொலாசஸ் அங்கே பொருத்தமாகவே வருகிறது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக இறங்கிய மலிவுச் சரக்கு அது. ஜார்ஜ் வாஷிங்டன் 1757-ஐ ஒட்டித் தன் குறிப்பேட்டில் எழுதிய ஸ்மால் பீர் செய்முறையே மால்ட் இல்லாதது. தவிட்டையும் ஹாப்ஸையும் 3 மணி நேரம் கொதிக்கவைத்து, 30 கேலன் வடிகட்டி, சூட்டோடு 3 கேலன் மொலாசஸ் ஊற்றச் சொல்கிறார். புளித்ததைக் கீழே கொட்ட மனம் வராத வீட்டில், கொதியில் காற்றைப் போக்கி, புளிப்பை மொலாசஸால் மூடி, ரொட்டியால் கெட்டியாக்கிக் குடித்திருக்கிறார்கள். சிக்கனத்தில் பிறந்த கஞ்சி அது. இங்கிலாந்தில் வசையாக இருந்த பெயர் கடல் தாண்டியதும் குறிப்பிட்ட ஒரு பண்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனவே நண்பர் இதை எங்காவது எழுதப் போகிறார் என்றால், 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆளின் வாயில் 'விப்-பெல்லி' என்றே வையுங்கள், அதற்கு 1738 அச்சு துணை நிற்கும். விசிலை 1860-களுக்குப் பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம். நீர்த்த பீரா, புளித்த பீரா என்றால் குரோஸ் இரண்டையும் சொல்கிறார், ஸ்விஃப்டின் ஆற்றுப் பேச்சு நீர்த்ததைக் குறிக்கிறது, எர்ல் சொல்வது புளித்தது. ஸ்மால் பீர் முதல் நாள் நீர்த்ததாகவும் நாலாம் நாள் புளித்ததாகவும் இருக்கும், ஒரே பீப்பாய்தான்.